எலன் டெர்ரியோட லெட்டரும் நாடக புரோகிராமும்: அந்தப் பேப்பர்ல என்ன இருக்கு?

பிப்ரவரி 2

ஒரு வாசகர் கேட்டது அப்படியே: "எலன் டெர்ரி பெரிய நடிகைதான், ஒத்துக்கிறேன். ஆனா அவங்க எழுதின லெட்டர், வந்த லெட்டர், நாடக புரோகிராம், பில்லுன்னு கட்டுக்கட்டா எதுக்குக் காப்பாத்தி வைக்கணும்? நடிப்பு அன்னைக்கு ராத்திரியே முடிஞ்சு போச்சு. ஹென்றி இர்விங் பக்கத்துல அழகா நின்னாங்க, அதுக்கு மேல அந்தப் பேப்பர்ல என்ன தெரிஞ்சிடப் போவுது?"

கேள்வி நியாயமானது, ஆனா அந்த "அழகா நின்னாங்க" எனக்குத் தொண்டையில சிக்குது. அவங்க காலத்து விமர்சகர்களே பாதிப் பேர் அப்படித்தான் எழுதிட்டுப் போனாங்க, அழகு, நளினம், வசீகரம், அதோட நிறுத்திட்டாங்க. மேடையில பாத்தவங்க கண்ணுக்குத் தப்பின உழைப்பு பேப்பர்லதான் மிஞ்சியிருக்கு. ஒரே மூச்சுல சொல்ல வராது, தோணத் தோண எழுதுறேன்.

பிப்ரவரி 2, ராத்திரி

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. ஊர் ஊராப் போய் நாடகம் போடற குடும்பம், 1847 பிப்ரவரி 27 காவென்ட்ரியில பிறப்பு. 1856 ஏப்ரல் 28, லண்டன் பிரின்சஸ் தியேட்டர்ல சார்லஸ் கீன் கம்பெனியில, ஷேக்ஸ்பியரோட விண்டர்ஸ் டேல் நாடகத்துல சின்னப் பையன் மாமிலியஸ் வேஷம், விக்டோரியா ராணி வந்து உக்காந்திருக்காங்க. 1878 டிசம்பர் 30ல, நடிகரும் கம்பெனி முதலாளியுமான இர்விங்கோட லைசியம் தியேட்டர்ல ஹாம்லெட் நாடகத்து ஒஃபீலியா, அதுல இருந்து 1902 வரைக்கும் அந்தக் கூட்டணி. வாரத்துக்கு 200 பவுன் சம்பளம், அந்தக் காலத்து இங்கிலாந்துல ஒரு பொம்பளைக்கு இது யோசிச்சுப் பாக்க முடியாத காசு. 1925ல டேம் பட்டம், ஆம்பளைங்களுக்கு "சர்" மாதிரி. 1928 ஜூலை 21ல கென்ட்ல ஸ்மால்ஹைத் வீட்டுல இறந்தாங்க. பேப்பரெல்லாம் அந்த வீட்டுல சேர்ந்ததுதான், அதுல பெரும்பகுதி இப்ப லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரி பொறுப்புல இருக்கு, பட்டியல் போட்டதே இருபதாயிரத்துக்கு மேல.

பிப்ரவரி 5

புரோகிராம்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா எல்லாரும் அதைத்தான் குப்பைன்னு நினைக்கிறாங்க. என்கிட்டயே ஒண்ணு இருக்கு, பழைய பேப்பர் விக்கிற ஒருத்தர்கிட்ட வாங்கின லைசியம் புரோகிராம், மடிப்புல கிழிஞ்சு பின்பக்கம் யாரோ டேப் ஒட்டி அந்த டேப் மஞ்சளா ஊறி எழுத்தைத் தின்னுட்டிருக்கு. அதை வச்சுப் பாத்தா முதல்ல கண்ல படறது வரிசை. ஆம்பளை வேஷம் எல்லாம் மேல, தூதன், காவலாள் வரைக்கும். அதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் பொம்பளை வேஷம். அந்தக் காலத்துல எல்லா தியேட்டர்லயும் இதான் வழக்கம், இர்விங் ஒருத்தரைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா ஜனம் காசு குடுத்து வந்ததே ரெண்டு பேருக்காகத்தான், அதுல ஒருத்தர் பேரைத் தேட பக்கத்தோட கீழ்ப்பாதிக்குப் போகணும்.

"மிஸ் எலன் டெர்ரி". மிஸ். லைசியத்துக்கு வரும்போது ரெண்டு கல்யாணம் ஆயிடுச்சு. ஓவியர் வாட்ஸைக் கட்டினப்ப பதினேழு வயசு ஆகப்போற சமயம், அவருக்கு 46, ஒரு வருஷம்கூட சேர்ந்து வாழல. அப்புறம் கட்டடக் கலைஞர் காட்வினோட கல்யாணம் இல்லாமலே குடித்தனம், ரெண்டு பிள்ளைங்க, ஈடித்தும் எட்வர்ட் கார்டன் கிரெய்க்கும். 1877ல சார்லஸ் வார்டெல்னு ஒரு நடிகரோட ரெண்டாவது கல்யாணம். புரோகிராம் இது எதையும் சொல்லாது, "மிஸ்"னு ஒரு கதவைச் சாத்திடும். விக்டோரியா காலத்து லண்டன் இந்த அம்மாவை மேடையில தலைல தூக்கி வச்சுக் கொண்டாடினதுக்கு அந்தச் சாத்தின கதவும் ஒரு காரணம்னு நான் நம்புறேன்.

பிப்ரவரி 6

நேத்து எழுதினதைப் படிச்சிட்டு "அப்ப புரோகிராம் மறைக்கத்தானே செய்யுது, அதை வச்சு என்ன பிரயோஜனம்"னு ஒருத்தர். இருங்க. ஒரு விஷயத்துல புரோகிராம் மாதிரி நேர்மையான சாட்சி கிடையாது, எந்த ராத்திரி எந்த ஊர்ல எந்த நாடகம்ங்கிறதுல.

பழைய புரோகிராம் நிறையதுல கிழமையும் தேதியும் இருக்கும், வருஷம் இருக்காது. அன்னைக்கு வந்து வாங்கறவனுக்கு எந்த வருஷம்னு சொல்லணுமா என்ன. இப்ப "சனிக்கிழமை, டிசம்பர் 29"னு மட்டும் ஒரு துண்டு கிடைக்குதுன்னு வையுங்க. டெர்ரி லைசியத்துல இருந்த காலத்துல டிசம்பர் 29 சனிக்கிழமையா விழுந்தது 1883, 1888, 1894, 1900. ஆக நாலு வருஷம். இதுல 1883 முடிவுல மொத்த கம்பெனியும் அமெரிக்காவுல சுத்திட்டு இருந்தது, அதனால துண்டுல லண்டன் முகவரி இருந்தா அது அடிபட்டுப் போயிடும். அப்புறம் நாடகத்தோட பேரு. மேக்பெத்னு இருந்தா வேற பேச்சே வேணாம், 1888 டிசம்பர் 29, முதல் ராத்திரி.

இந்தக் கணக்கு எனக்கு அலுக்கவே அலுக்காது.

பிப்ரவரி 9

லெட்டர். அந்தம்மா எழுத்தைப் பாத்தா ஒரு ஆள் பக்கத்துல உக்காந்து வேகமா பேசற மாதிரி இருக்கும், வரிக்கு வரி அடிக்கோடு, சிலதுக்கு ரெண்டு கோடு, கமா போடவேண்டிய இடத்துல எல்லாம் நீளமா ஒரு இழுப்பு. வயசாக ஆக கண்ணு போச்சு, எழுத்து பெருசாகிட்டே போகும், ஒரு பக்கத்துக்கு நாலஞ்சு வரிதான் பிடிக்கும். லைப்ரரியில படிக்கிற அறையில பென்சில் மட்டும்தான் விடுவாங்க, பேனா கூடாது, தடிச்ச கட்டா இருந்தா ஸ்பாஞ்சு முட்டுக் குடுத்துத்தான் விரிக்கணும், நானும் பென்சிலால குறிப்பெடுத்துக்கிட்டே அந்த அடிக்கோட்டையும் சேர்த்துப் போட ஆரம்பிச்சேன், போடாம விட்டா அவங்க குரல் போயிடுது.

தேதிதான் தொல்லை. பெரும்பாலும் கிழமை மட்டும். உறை தனியாத் தொலைஞ்சிருந்தா தபால் முத்திரையும் இல்ல. அங்கதான் மூணு நாள் முன்னாடி சொன்ன புரோகிராம் உள்ள வருது. டூர்ல இருக்கும்போது ஓட்டல் பேர் அச்சடிச்ச தாள்ல எழுதுவாங்க, எந்த ஊர்னு தெரிஞ்சிடும், இன்னைக்கு ராத்திரி போர்ஷியான்னு ஒரு வார்த்தை இருந்தா அந்த ஊர்ல மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ் எந்த வாரம் போட்டாங்கன்னு புரோகிராமைத் தேடினா லெட்டருக்குத் தேதி கிடைச்சிடும். குப்பைன்னு சொன்ன அந்தத் துண்டு இல்லேன்னா இந்த லெட்டர் காலமே இல்லாம தொங்கும். காத்தரின் காக்கின்னு ஒரு பேராசிரியை 2010ல இருந்து இந்த லெட்டர்களைத் தொகுதி தொகுதியா வெளியிட்டாங்க, அதுக்குப் பின்னாடி இருக்கற பொறுமைக்குக் கையெடுத்துக் கும்பிடணும்.

பிப்ரவரி 10

நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா பத்தி ஏன் ஒண்ணும் சொல்லலன்னு மூணு பேர். சொல்றேன், சொல்றேன்.

1892ல ஆரம்பிச்சது. டெர்ரி தெரிஞ்ச ஒரு பாடகிக்காக ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுத, அவர் அதை மியூசிக் விமர்சகரா இருந்த ஷாகிட்ட தள்ளிவிட, அங்க இருந்து பல வருஷம் ஓடின கடிதப் போக்குவரத்து. வேடிக்கை என்னன்னா ரெண்டு பேரும் லண்டன்லயே இருந்தாங்க, ஒருத்தர் நாடகம் விமர்சிக்கிறவர், இன்னொருத்தர் நடிக்கிறவங்க, ஆனா 1900 வரைக்கும் நேர்ல உக்காந்து பேசிக்கல, வேணும்னே தள்ளிப் போட்டாங்க. 1931ல புத்தகமா வந்தது. மகன் கார்டன் கிரெய்க்குக்கு அது பிடிக்கல, அதே வருஷம் அம்மாவைப் பத்தித் தன் பங்குக்கு ஒரு புத்தகம் போட்டார்.

எனக்கு இதுல முக்கியமாப் படறது காதல் கதை இல்ல. 1896ல லைசியத்துல ஷேக்ஸ்பியரோட சிம்பலின். டெர்ரிக்கு இமோஜென் வேஷம். ஷா நீள நீளமா லெட்டர் போட்டு இந்த வரியை வெட்டு, இந்த வரியை விடாதே, இங்க இப்படிப் படின்னு வகுப்பு எடுக்கறார், அந்தம்மா வாங்கிக்கறாங்க, சிலதை ஒத்துக்கறாங்க, சிலதுக்கு எதிர்த்துப் பேசறாங்க. 49 வயசு, நாப்பது வருஷ அனுபவம், இன்னும் ஒரு வரியை எங்க மூச்சு விட்டுச் சொல்றதுன்னு மல்லுக்கட்டறாங்க. அதே ஷா சாட்டர்டே ரிவ்யூ பத்திரிகையில இர்விங்கைக் கிழிச்சு எழுதிக்கிட்டிருந்த நேரம் அது, ஒரு பக்கம் முதலாளி, ஒரு பக்கம் முதலாளியோட பகையாளி, நடுவுல இருந்து தன் வேலைக்கு எது ஆகுமோ அதை எடுத்துக்கிட்டாங்க. "பக்கத்துல நின்னாங்க"ன்னு சொன்னவர் இந்த லெட்டர்களைப் படிக்கணும்.

பிப்ரவரி 11

ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சதுல ஒரு உறுத்தல். யாரு இதையெல்லாம் காப்பாத்தினது? மக ஈடித் கிரெய்க்கும், அவங்களோட வாழ்ந்த கிறிஸ்டோபர் செயின்ட் ஜானும் கிளேர் ஆட்வுட்டும். செயின்ட் ஜான் ஒரு பொம்பளை, பேரை மாத்திக்கிட்டவங்க, டெர்ரியோட 1908 சுயசரிதைக்குக் கூட இருந்து உதவினவங்க, ஷா கடிதங்களைத் தொகுத்ததும் அவங்கதான். ஈடித் அம்மா இறந்த அடுத்த வருஷமே ஸ்மால்ஹைத் வீட்டை நினைவு இல்லமா ஆக்கி, அங்க இருந்த தானியக் களஞ்சியத்தைச் சின்ன தியேட்டரா மாத்தி, 1939ல பழைய வீடுகளைக் காப்பாத்தற நேஷனல் டிரஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. ஆக நம்ம கைக்கு வந்திருக்கிறது அன்பு வச்சவங்க கை வழியா வந்த கட்டு. மக ஒரு அம்மாவைக் காட்டறாங்க, மகன் வேற ஒரு அம்மாவை எழுதறார். ரெண்டையும் பக்கத்துல வச்சுத்தான் படிக்கணும், ஒண்ணை மட்டும் நம்பினா ஆபத்து.

ஆனா இதையும் சொல்லணும். அந்த மூணு பொம்பளைங்க ஒழுகற கூரைக்குக் கீழ அதைக் கட்டிக் காக்கலேன்னா நாம இன்னைக்குப் பேச ஒண்ணுமே இருந்திருக்காது.

பிப்ரவரி 14

லேடி மேக்பெத்தா நடிச்சப்ப டெர்ரி போட்ட டிரெஸ்ல நிஜமாவே வண்டு இறக்கை தைச்சிருந்ததான்னு கேட்டவருக்கு. ஆமா, பொன்வண்டுதான். நம்மூர்ல பசங்க தீப்பெட்டிக்குள்ள இலை போட்டு வளர்ப்பாங்களே, அந்தப் பச்சை மினுக்கு இருக்கற வண்டுக் குடும்பம். ஏறக்குறைய ஆயிரம் இறக்கை மூடி. ஆலிஸ் காமின்ஸ் கார் வடிவமைச்சு, ஏடா நெட்டில்ஷிப் தைச்சது. வண்டு இறக்கையை வச்சுத் துணியில தைக்கறது இந்தியக் கைவேலை, அந்த மோகம் 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்து முழுக்கப் பரவியிருந்தது.

ஸ்மால்ஹைத்ல நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன். தாழ்ந்த கூரை, சாய்ஞ்ச தரை, வெளிச்சம் ரொம்பக் கம்மியா வச்சிருக்காங்க. முதல்ல பாத்தா அழுக்குப் பச்சைக் கம்பளி மாதிரி, பின்னல் வேலை, சங்கிலிக் கவசம் மாதிரி தெரியணும்னு பின்னினது. அரை அடி நகர்ந்தேன், அந்தச் சின்னச் சின்ன ஓடுங்க ஒவ்வொண்ணா நீலமாகி பச்சையாகி மறுபடி கருப்பாச்சு. கீழ் ஓரத்துல சில ஓடு உடைஞ்சு பின்னாடி ஒட்டு குடுத்திருக்கு, குனிஞ்சு பாத்தாத் தெரியும். பிரைட்டன்ல 1,300 மணி நேரம் சீரமைப்பு வேலை, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பவுனுக்கு மேல செலவு, 2011ல வீட்டுக்குத் திரும்பி வந்தது. மேடையில அவங்க ஒவ்வொரு அடி வைக்கும்போதும் இது எப்படி மினுங்கியிருக்கும்னு அங்க நின்னு யோசிச்சதுல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

பிப்ரவரி 15

அதே டிரெஸ்ல சார்ஜென்ட் வரைஞ்ச ஓவியம், 1889, இப்ப டேட் காலரியில. கிரீடத்தை ரெண்டு கையாலயும் தூக்கித் தன் தலையில வைக்கப் போறாங்க. உலகம் முழுக்க எலன் டெர்ரின்னா இந்தப் படம்தான். அப்படி ஒரு காட்சி அந்த நாடகத்துல கிடையவே கிடையாது! ஓவியர் தானா வரைஞ்ச நிலை. படம் இருக்குன்னு நம்பி எழுதறவங்க கவனிக்க.

பிப்ரவரி 19

கொஞ்சம் தடம் மாறுறேன். வாட்ஸைக் கட்டின 1864ல வைட் தீவுல ஃப்ரெஷ்வாட்டர்ல டெர்ரியை ஒரு போட்டோ எடுத்தாங்க, சுவத்துல சாய்ஞ்சு கழுத்துச் சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடி நிக்கற படம், "துயரம்"னு தலைப்பு. எடுத்தது ஜூலியா மார்கரெட் கேமரன், கல்கத்தாவுல பிறந்தவங்க. அவங்க 1875ல புருஷனோட காப்பித் தோட்டத்தை நம்பி இலங்கைக்குப் போயிட்டாங்க, மலையகத்துல தோட்டத்து ஜனங்களையும் படம் எடுத்திருக்காங்க, 1879ல அங்கயே இறந்து பொகவந்தலாவையில சர்ச் கல்லறையில இருக்காங்க. அந்தப் பக்கத்து ஆளுங்க யாராவது இதைப் படிச்சா, உங்க ஊர்ல படுத்திருக்கற அந்த அம்மாதான் பதினேழு வயசு எலன் டெர்ரி முகத்துல இருந்த தனிமையை முதல்ல பாத்தவங்க.

பிப்ரவரி 20

டிராகுலா எழுதின பிராம் ஸ்டோக்கர்தானா லைசியம் மேனேஜர்? ஆமா, அவரேதான். தன் நாவல்லயே ஒரு இடத்துல எலன் டெர்ரி பேரை நுழைச்சிருக்கார், நல்லவிதமாத்தான்.

பிப்ரவரி 27

இன்னைக்கு அவங்க பிறந்த நாள். சுயசரிதையில 1848னு அவங்களே எழுதியிருக்காங்க, நிறைய பழைய புத்தகத்துல அதான் ஓடுது, பிறப்புப் பதிவுல 1847. வயசைக் குறைச்சுச் சொன்னாங்கன்னு சிரிக்கறவங்க இருக்காங்க, எனக்கு அப்படித் தோணல. ஊர் ஊரா வாடகை ரூம்ல வளர்ந்த நாடகக்கார பிள்ளைக்கு வீட்டுல சொன்ன வருஷம்தான் வருஷம். முதல் மேடையில பொம்மை வண்டியை இழுத்துக்கிட்டு வந்து தடுக்கி விழுந்து அழுததா அதே புத்தகத்துல சொல்றாங்க. அந்த நாளோட தாள்ல பேர் மட்டும்தான் இருக்கும், விழுந்தது இருக்காது. அதான் ரெண்டும் வேணும்ங்கிறேன்.

மார்ச் 3

இல்லாத புரோகிராம் பத்தி ஒரு வார்த்தை. ரோசலிண்ட். ஷேக்ஸ்பியரோட ஆஸ் யூ லைக் இட் நகைச்சுவை நாடகத்துல அவங்களுக்குன்னே அளவெடுத்த வேஷம், எல்லாரும் கேட்டாங்க, அவங்களும் ஆசைப்பட்டாங்க. லைசியத்துல அந்த நாடகம் ஏறவே இல்ல, ஏன்னா அதுல இர்விங்குக்குத் தக்க பெரிய வேஷம் இல்ல. 24 வருஷம். இர்விங் மேல எனக்கு மரியாதை உண்டு, அந்த மாதிரி ஒரு கம்பெனியை யாரும் நடத்தல, ஆனா இந்த ஒண்ணை என்னால மன்னிக்க முடியல. கட்டுக்கட்டா இருக்கற லைசியம் புரோகிராம் முழுக்கப் புரட்டினாலும் அந்தப் பேர் வராதுங்கிறது, வந்த எல்லாத்தையும் விட எனக்கு அதிகம் சொல்லுது.

மார்ச் 8

கேட்டவர் திரும்ப வந்து, "சரி, யோசிச்ச நடிகைன்னீங்களே, ஒரே ஒரு ஆதாரம் காட்டுங்க"ன்னிருக்கார்.

அவங்க சொந்த மேக்பெத் பிரதி. ஓரமெல்லாம் கையெழுத்து. அதுக்கு நூறு வருஷம் முன்னாடி சாரா சிடன்ஸ் நடிச்சதுல இருந்து லேடி மேக்பெத்னா ராட்சசிதான், அதான் மரபு. டெர்ரி அதை ஏத்துக்கல, புருஷன் மேல உசுரா இருக்கற பொண்டாட்டி, அவனுக்காக ஆசைப்படறவ, கடைசியில நரம்பு அறுந்து போறவன்னு வரிக்கு வரி குறிச்சு வச்சிருக்காங்க. பாதி விமர்சகர்களுக்கு ஒத்துக்கவே இல்ல, இருந்தாலும் 150 ராத்திரிக்கு மேல ஓடினது.

இன்னொண்ணு. லைசியம் முடிஞ்சு, வேஷம் குறைஞ்சு, அறுபது தாண்டின பிறகு ஷேக்ஸ்பியர் பத்தி மேடைப் பேச்சு எழுதிக்கிட்டு இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியான்னு போனாங்க. நாலு பேச்சு 1932ல அச்சாச்சு. குழந்தைங்க பத்தி ஒண்ணு, ஜெயிக்கற பொண்ணுங்க பத்தி ஒண்ணு, துயரப்படற பொண்ணுங்க பத்தி ஒண்ணு, நாலாவது ஷேக்ஸ்பியர் நாடகத்துல வர்ற கடிதங்கள் பத்தி. லேடி மேக்பெத் மேடைக்குள்ள வர்றதே புருஷன் லெட்டரைப் படிச்சுக்கிட்டுத்தானே. அந்த லெட்டரை எப்படிப் பிடிக்கணும், எத்தனை தடவை ஏற்கெனவே படிச்சிருப்பா, எந்த வரியில நிறுத்துவா, இதையெல்லாம் ராத்திரி ராத்திரியா செஞ்சு பாத்த ஒருத்தங்கதான் அப்படி ஒரு தலைப்பையே யோசிக்க முடியும். பேராசிரியருங்க அவ்வளவு பேர் இருந்தும் அது அவங்களுக்குத்தான் தோணிச்சு.

மார்ச் 9

கடைசியா வந்த கேள்வி, இந்த லெட்டர்களைத் தமிழ்ல போட்டுப் புத்தகம் ஆக்கலாமான்னு. போடலாம், ஆனா பாத்துப் போடுங்க. பிரிட்டன் சட்டப்படி லெட்டர் தாள் வாங்கினவருக்கு, எழுத்துரிமை எழுதினவர் வாரிசுக்கு. அந்த காலத்து லெட்டர் அச்சுல வராமலே கிடந்ததுன்னா அங்க 2039 முடியற வரைக்கும் உரிமை உயிரோட இருக்கும், எழுதினவர் 1928லயே போயிட்டாங்கங்கிறது கணக்கில்ல. 1931ல வந்த ஷா தொகுப்பு வேற கணக்கு, அதுல ஷாவோட பாதியும் இருக்கு, அவர் 1950ல இறந்தவர். முதல்ல எந்த லெட்டர், எப்ப அச்சாச்சுன்னு ஒரு பட்டியல் போடுங்க, சிம்பலின் லெட்டர்ல இருந்து ஆரம்பிச்சா நான் கூட உக்காந்து சரிபாக்கத் தயார்.